யுனைட் ஆகணும்

முப்பத்தேழு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முப்பத்தேழாம் நம்பர்க்காரர் தன் வலது கையை இடது கையால், பிறந்து பத்து நாளான பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு கதவுக்குள் போனார். ராக்கியண்ணன் கையிலிருந்த சீட்டில் ஐம்பத்திரண்டு. ஆக நடுவில் பதினாலு எலும்புகள். எலும்புக்கு நாலு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதுவரைக்கும் இந்தக் கால் என் கால்தான், எவனும் வந்து கேட்க முடியாது, என்று நினைத்துக்கொண்டு அவர் காலைப் பார்த்தார். கால் அவரைப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குச் சக்கர நாற்காலியின் பலகையில் தலையணை போட்டு நீட்டிப் படுத்திருந்தது, விருந்துக்கு வந்தவன் சாப்பிட்டு முடித்து, வெற்றிலையும் போட்டு, எப்போது கிளம்புவேன் என்று சொல்லாமல் படுத்துக்கொண்ட மாதிரி. பத்து மாசமாகப் படுத்திருக்கிறது. மடியில் ஒரு பழுப்பு உறை. உறைக்குள் எக்ஸ்ரே படம். படத்தில் பதில் இருக்கிறது, பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எலும்பு கூடியிருக்கிறதா இல்லையா என்று. அரை மணிக்கு முன்னால் சம்பந்தி சென்னியப்பன்தான் வரிசையில் நின்று வாங்கிவந்து மடியில் வைத்தார். சென்னியப்பன் பஸ் டிக்கெட்டைக்கூட ரெண்டு பக்கமும் திருப்பிப் படிக்கிற மனுஷன். வடை சுற்றிவந்த காகிதத்தை எண்ணெயோடு விரித்து வைத்துப் படிப்பார். அப்பேர்ப்பட்டவர் இன்றைக்கு, பாத்துறலாங்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுவரிலிருந்த குடும்பநல விளம்பரத்தை, அதில் சிரிக்கிற அப்பன் ஆயி ரெண்டு பிள்ளைகளை, முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்த்துவிட்டார். எக்ஸ்ரே அறையிலிருந்து இங்கே வர ஒரு தாழ்வாரம், ஒரு திருப்பம், திருப்பத்தில் பெரிய ஜன்னல். அங்கே பார்த்திருப்பார். பார்த்ததில் நல்லது இருந்தால் இந்நேரம் அந்த வாய் சும்மா இருக்குமா.

யுனைட் ஆகணும். மூன்று மாசத்துக்கு முன்னால் ரெண்டாவது ஆபரேஷன் முடிந்த மறுநாள் அந்த டாக்டர் சொன்னது அதுதான், நாகர்கோவில் பக்கத்துப் பையன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை, ஆனால் பேச்சு கறாரான பேச்சு. மூணு மாசம் கால் தரையில படப்படாது பெரியவரே, யுனைட் ஆகணும், சுகர் வேற இருக்கு, சீழ் வேற வச்சிட்டு, திரும்பத் திரும்பத் திறந்துட்டு இருக்க முடியாது, இந்தத் தடவையும் யுனைட் ஆகலேன்னா முட்டிக்குக் கீழ எடுத்துடறதுதான் உங்களுக்கு நல்லது. எடுத்துடறது. பலசரக்குக் கடையில் மேல்தட்டிலிருந்து ஒரு சோப்பை எடுக்கிற மாதிரி. ராக்கியண்ணனுக்கு அந்த எடுத்துடறது காதில் அவ்வளவாக ஏறவில்லை, யுனைட் தான் ஏறிற்று, ஏறி அங்கேயே குந்திக்கொண்டது. அந்த வார்த்தை அவருக்குப் புதிதில்லை. முப்பத்திரண்டு வருஷம் குடிநீர்க் குழாய் ஃபிட்டர். யூனியன் என்றால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது கொடியும் கோஷமும் இல்லை, ரெண்டு பைப்பை எதிரும் புதிருமாக வைத்து நடுவில் மாட்டுகிற அந்தத் திருகு, உள்ளங்கைக்குள் அடங்குகிற கனம், சணல் வாசனை, வெள்ளைப் பெயிண்ட் வாசனை. ஆனால் டாக்டர் சொன்னது அது இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. இவர் கேட்டார், ஏனுங்க டாக்டர், எத்தனை நாளுல யுனைட் பண்ணுவீங்க? டாக்டர் சிரித்தார். நாங்க பண்றதுக்கு அதுல ஒண்ணுமில்ல பெரியவரே. கம்பி வச்சு ரெண்டையும் நேரா புடிச்சுக் குடுக்கலாம், அம்புட்டுதான். யுனைட் ஆகறது எலும்போட சோலி. அது மனசு வைக்கணும். விளையாட்டாகச் சொன்னார். ராக்கியண்ணன் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். மனசு வைக்கணும். எலும்புக்கு மனசு. போன அன்று சாயந்திரமே மகன் திருமூர்த்தி பள்ளிக்கூட நாளில் வைத்திருந்த இங்கிலீஷ் அகராதியை டிரங்குப் பெட்டியிலிருந்து சென்னியப்பனை எடுக்கச் சொல்லி, அட்டையை எலி தின்றது போக மிச்சத்தில் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே போட்டிருந்த தமிழையெல்லாம் ஸ்பானர் போட்டுப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். சேர் என்றிருந்தது. பழைய இரும்பைச் சேர்க்கிறோம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம், அதற்கெல்லாம் ஒருத்தன் நின்று சேர்க்க வேண்டும். இணை என்றிருந்தது. அது சர்க்கார் வார்த்தை, நகலை இணைக்கவும், குண்டூசி குத்திய வார்த்தை, குண்டூசியை உருவினால் தனித்தனி. ஐக்கியம் என்றிருந்தது. சாமியோடு போய்ச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது, அது நமக்கு இப்போதைக்கு வேண்டாம். கூடு. சந்தை கூடுகிறது, சாயந்திரமானால் கலைந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் ஒரு நூல் பெரிசு, அல்லது ஒரு நூல் சின்னது, எதுவும் கவ்வவில்லை. இருட்டுக்குள் சதைக்கு நடுவில், கூப்பிடாமல் கொள்ளாமல், ஒரு முனையிலிருந்து பால் மாதிரி ஏதோ கசிந்து மறு முனையைத் தேடிப்போய்த் தொட்டுக் கெட்டிப்பட்டு, நான் வேற நீ வேற என்பதே மறந்துபோவதற்கு அந்த அகராதியில் என்ன இருக்கிறது. நாப்பது என்று கூப்பிட்டார்கள். அதற்குள் நாப்பதா. முப்பத்தெட்டும் முப்பத்தொம்பதும் எப்போது போயின.

“ஏனுங்க பெரியவரே, காலுக்கு என்னாச்சுங்க?” பெஞ்சின் அந்தக் கடைசியிலிருந்து ஒரு அம்மாள் கேட்டாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு, கட்டின்மேல் யாரோ பிள்ளையார் சுழி போட்டிருந்தார்கள். ராக்கியண்ணன் உயிர் வந்து நிமிர்ந்தார். “யானைங்க,” என்றார். “அட சாமி!” “மலையடிவாரத்துல லைன் போட்டுட்டு இருந்தனுங்க. ஒத்தை யானை. வந்துது, தும்பிக்கையில குழாயைத் தொறந்துது, தண்ணி குடிச்சுது. அதுல ஒண்ணும் தப்பில்லீங்க, தாகம் எல்லாத்துக்கும் இருக்கறதுதான். ஆனா குடிச்சுட்டு மூடாமப் போவுதுங்க. சர்க்கார் தண்ணி! நான் உடுவனா? ஏய், மூடிட்டுப் போன்னு ஒரு சத்தம் போட்டேன். நின்னுது. திரும்பி வந்துது. மூடிட்டுத்தானுங்க போச்சு, அதைக் குத்தஞ் சொல்லக்கூடாது. வர்ற வழியில என் கால் இருந்துது, அவ்வளவுதான்.” அந்த அம்மாள் மாவுக்கட்டோடு வாயில் கை வைத்துக்கொண்டு சென்னியப்பனைப் பார்த்தாள். “நெசங்களா?” வழக்கமாக இந்த இடத்தில் சென்னியப்பன் சட்டென்று பிடித்துக்கொள்வார், ஜோடி நாதஸ்வரம் மாதிரி. இன்றைக்கு ஒரு மூச்சு தாமதமாயிற்று. அந்த ஒரு மூச்சு ராக்கியண்ணன் நெஞ்சில் போய்க் குத்தியது. “நானும் அங்கதான் இருந்தனுங்க,” என்றார் சென்னியப்பன் பிறகு. “ஆனா யானை சரியா மூடலீங்க. கொஞ்சம் சொட்டிட்டேதான் இருந்துது.” அந்த அம்மாள் சிரித்தாள், பெஞ்சே சிரித்தது, நாப்பத்தொண்ணு என்று கூப்பிட்டார்கள், அவள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். ராக்கியண்ணன் சிரிக்கவில்லை. நிஜத்தில் அவர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது விழுந்தார். ஓடுகிற வண்டியில்கூட இல்லை, இஞ்சினை அணைத்துவிட்டு நின்ற மொபெட்டில், ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, பச்சை விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஊன்றின கால் எங்கேயோ போய்விட்டது. சும்மா மடிந்தது. வண்டி அதன்மேல் சாய்ந்தது. சுற்றி நூறு வண்டி, எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், பச்சை விழுந்துவிட்டதே. அந்தக் கதையை யாருக்குச் சொல்வது. நின்ற இடத்தில் விழுந்தவன் கதைக்கு ஆரம்பமும் கிடையாது நடுவும் கிடையாது. அதனால் யானை. போன வாரம் ஒரு ஆளுக்குக் கிணற்றில் விழுந்த ஜோசியன், அதற்கு முந்தின வாரம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் வாளையாறில் இறக்கிவிட்டது. எல்லாவற்றிலும் சென்னியப்பன் கூடவே இருந்தார், காற்றில்கூடக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாப்பத்திரண்டு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தார்கள். எலும்பு கூடணுமல்லோ மாமா. எலும்பு கூடணுமல்லோ அண்ணா. தூக்குப்போசியைத் திறந்தால் மிளகு வாசனை, மேலே மஞ்சளாக எண்ணெய், அடியில் ஒரு கணு. எலும்பொட்டி இலை அரைத்துப் போட்டார்கள், பிரண்டைத் துவையல் அரைத்துத் தந்தார்கள், நாக்கு அரித்தது, எலும்பு பிடித்துக்கொள்ளவில்லை. பத்து மாசத்தில் எத்தனை ஆட்டின் கால் இந்த வாயில் போயிருக்கும், நாளைக்கு மேலே போனால் வாசலில் ஒரு மந்தையே நிற்கும், அத்தனையும் மொண்டி ஆடு, எல்லாம் மூணு காலில் நின்றுகொண்டு, வாய்யா ராக்கியண்ணா, எங்க காலையும் தின்னுபோட்டு உன் காலும் கூடாம வந்துட்டியா, என்று கேட்கும். இதைச் சொல்லித்தான் போன மாசம் சென்னியப்பனைப் புரை ஏறச் சிரிக்க வைத்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுக்குத்தானுங்க சம்பந்தி நான் உங்களுக்குக் கோழி கொண்டாந்தேன், கோழிக்கு ரெண்டு கால்தான், சண்டைக்கு வராது, என்றார் அவர். சம்பந்தி. இன்னும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். திருமூர்த்திக்கும் சென்னியப்பன் மகள் சுகந்திக்கும் கோர்ட்டு விவாகரத்து கொடுத்து முப்பத்தாறு நாளாகிறது. கயிறு அறுந்தபிறகு அதில் தொங்கின வாளிக்கு என்ன பேர். வேறெப்படிக் கூப்பிடுவது என்று ரெண்டு பேருக்கும் தெரியவில்லை, கேட்டுக்கொள்ளவும் இல்லை. ஆள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வர்ற அன்றைக்கு ஏழு மணி பஸ்ஸில் பெருந்துறையிலிருந்து வந்து நின்றுவிடுகிறார், வேட்டி மடிப்புக் கலையாமல். ராக்கியண்ணன் பெண்டாட்டி போய் ஆறு வருஷம், மகன் பூனாவில், இந்த நாற்காலியைத் தள்ள இந்த மனுஷனை விட்டால் ஆளில்லை.

மைக்கில் சொன்னேனே, அதை யார் சொல்லச் சொன்னார்கள். கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தி மூணாவது ஓடிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளைக்கு அப்பா ரெண்டு வார்த்தை பேசணும் என்று ஒருத்தன் மைக்கை நீட்டினான், நீட்டினால் விடுகிற வாயா இது. நான் போட்ட ஜாயின்ட்டு இந்த ஜில்லாவுல இருபதாயிரம் இருக்குதுங்க, ஒண்ணு ஒழுகுதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், மீசையை எடுத்துக்கறேன், இன்னைக்குப் போட்டிருக்கறது அதுல கடைசி ஜாயின்ட்டு, எம்பது வருசத்துக்கு கேரண்டி. மண்டபம் அதிர்ந்தது. சுகந்தி தலையைக் குனிந்து சிரித்தாள், சிரித்ததில் நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகப் போயிற்று, திருமூர்த்தி கையை நீட்டி அதைச் சரிசெய்தான். அவனாகத்தான் நீட்டினான், போட்டோக்காரன் சொல்லவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் இவர். அதை வைத்துக்கொண்டு மூணு வருஷம் ஓட்டினார். சண்டை என்று ஒரு நாள் சத்தம் கேட்டதில்லை. சத்தம் கேட்டிருந்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கலாமே. ரெண்டு பேரும் நல்ல பிள்ளைகள், ஒரே வீட்டில் ஒரே அலமாரியில் தனித்தனித் தட்டு, தனித்தனி டீ, ஒருத்தருக்கொருத்தர் தேங்ஸ் சொல்லிக்கொண்டார்கள். குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசனை சொல்கிற அம்மாள், கண்ணாடியைக் கயிற்றில் மாட்டிக்கொண்டவள், பெரியவங்க ரெண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கென்ன தோணுது, மறுபடி யுனைட் ஆக சான்ஸ் இருக்கா, என்று கேட்டபோது ராக்கியண்ணன் விறைத்துப் போய்விட்டார். அதே வார்த்தை. அப்போதுதான் ரெண்டாவது ஆபரேஷன் முடிந்து நாலு வாரம், தாங்குகட்டையை வைத்துக்கொண்டு அந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருக்குதுங்க மேடம், அவர் சொன்னார், ரெண்டும் நேரா நின்னுதுன்னா ஆயிருமுங்க, நாம புடிச்சுக்கோணும், அவ்வளவுதான். அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டாள்.

நாப்பத்தஞ்சா ஆறா. புடிச்சுக்கோணும் என்று சொன்ன வாய்தான் சென்னியப்பனிடம் அந்த யோசனையையும் சொல்லிற்று. ரெண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஏழாவது வாரம். தீர்ப்புக்கு ஒரு வாரம் பாக்கி. எனக்கு ரொம்ப முடியலேன்னு போன் போடுங்க சம்பந்தி, நீங்க பாப்பாவுக்குப் போடுங்க, எதுத்த வூட்டுக்காரனை உட்டு எம் பையனுக்குப் போடச் சொல்றேன், ரெண்டும் ஒரே நேரத்துல வந்து கட்டலுக்கு ரெண்டு பக்கமும் நிக்கட்டும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். பொய்யிங்களே சம்பந்தி. பொய்யில்லீங்க, கம்பி. ரெண்டையும் நேரா வச்சுப் புடிக்கற கம்பி. சென்னியப்பன் அவர் வாழ்நாளில் சொந்தமாக ஒரு பொய் சொன்னவரில்லை, இவர் சொன்ன பொய்க்கு ஒத்து ஊதியதுதான், அன்றைக்குப் போனை எடுத்தார். வந்தார்கள். ஓசூரிலிருந்து அவள் பஸ்ஸில், பூனாவிலிருந்து அவன் விமானத்தில், வந்து கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றார்கள், நினைத்த மாதிரியே. ராக்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். எத்தனை நேரம் முனகினார், பத்து நிமிஷம் இருக்குமா, மூடின இமைக்கு வெளியே ரெண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது, ஒன்றோடொன்று சேராமல், ஒன்று உள்ளே போகும்போது ஒன்று வெளியே. பிறகு ஒரு கை நெற்றியில் வந்து அமர்ந்தது, குளிர்ந்த கை, வளையல் இல்லாத கை. சூடே இல்லையே மாமா, என்றாள் சுகந்தி. கண்ணைத் திறந்தார். திறந்திருக்கக் கூடாது. அந்தப் பெண் இவர் கண்ணைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள், அவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களுமாப்பா, என்றாள். அவ்வளவுதான். கத்தவில்லை. கையை எடுத்தாள், பையை எடுத்தாள். திருமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். போறா, போறா, புடிடா, என்று சொன்னோமா மனசுக்குள் நினைத்தோமா தெரியாது, கட்டிலை விட்டு இறங்கி நடந்தார். தாங்குகட்டை இல்லாமல், அந்தக் காலை ஊன்றி, வாசற்கதவு தாண்டி, நடை தாண்டி, கேட்டு வரைக்கும். வலியே இல்லை. சர்க்கரை வந்த கால், அதற்கு எங்கே வலி தெரிகிறது. வலிக்குப் பதிலாக ஒரு நெளிவு. பச்சை முருங்கைக் கொம்பைக் கையில் பிடித்து லேசாக வளைத்தால் ஒடியாமல் உள்ளே நார் ஒன்று நெகிழுமே, அது. அம்மிணி, என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள், இவர் முகத்தை இல்லை, காலைப் பார்த்தாள், அய்யோ மாமா என்றாள், அதற்குள் சென்னியப்பன் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டித் தூக்கிவிட்டார். பிற்பாடு ஆள் இல்லாதபோது கட்டிலில் படுத்தபடியே தரையில் பதித்த கற்களை எண்ணிப் பார்த்தார், கல்லுக்கு ஒரு எட்டு. பத்தொன்பது எட்டு. அதை டாக்டரிடம் சொல்லவில்லை. சென்னியப்பனும் சொல்லவில்லை. உலகத்தில் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கணக்கு, பத்தொன்பது, படுத்தால் பத்தொன்பது, சூப்பு குடித்தால் பத்தொன்பது, இந்த உறைக்குள் இருப்பதும் அதுதான், இருட்டுக்குள் கசிந்து கசிந்து ஏதோ ஒரு நூலிழை போய் அந்தப் பக்கத்தைத் தொட்டிருக்கும், தொட்டு இன்னும் காய்ந்திருக்காது, அதன் மேல் ஏறி நடந்துவிட்டேன். நான்தான். யாரும் பண்ண முடியாது தானாக ஆகணும் என்று சொன்னார்களே, ஆகாமல் பண்ண மட்டும் ஒருத்தன் போதும் போலிருக்கிறது. சம்பந்தி, என்று திரும்பினார். சென்னியப்பன் திடுக்கிட்டு, “சொல்லுங்க,” என்றார். “படத்தைப் பாத்தீங்களா?” “இல்லீங்க சம்பந்தி.” “என்னமோ மாதிரி இருக்கறீங்க.” “ஒண்ணுமில்லீங்க. காலையில சாப்புடலை.” பொய் சொல்லத் தெரியாத மனுஷன் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஐம்பத்தொண்ணு, என்றார்கள் உள்ளே. தாகமெடுத்தது. எதிர்ச்சுவரில் அந்த நாலு பேரும் விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறைக்குள் ஏசி. டாக்டர் உறையைப் பிரித்த வேகத்தைப் பார்த்தால் இத்தனை நேரம் அதை மடியில் வைத்துக் காத்தது எதற்கென்று தோன்றிற்று. வெளிச்சப் பெட்டியில் படத்தைச் செருகினார். கால் அங்கே வெள்ளையாக நின்றது, நடுவில் கம்பி, கம்பியைச் சுற்றி எலும்பு, எலும்புக்கு நடுவில் ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் போட்டு அழிக்க மறந்த மாதிரி. டாக்டர் பழைய படத்தையும் பக்கத்தில் செருகினார். பிறகு திரும்பி, “காலை ஊனினீங்களா பெரியவரே?” என்றார். “இல்லீங்க டாக்டர்,” என்றார் சென்னியப்பன், கேள்வி முடியுமுன்னே. இன்னொருத்தருக்காக அவர் சொந்தமாகச் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். ராக்கியண்ணன் படத்தையே பார்த்தார். “பத்தொம்பது எட்டுங்க,” என்றார். “என்னது?” “நடந்தனுங்க. ஏழாவது வாரம். கட்டையில்லாம. பத்தொம்பது எட்டு. அதனாலதானுங்க. உள்ளுக்குள்ள நெளிஞ்சுதுங்க, எனக்கே தெரிஞ்சுது. நான்தானுங்க கெடுத்துக்கிட்டேன்.” டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும், நாலு பேர் முன்னால் காறித் துப்பினாலும் நன்றாக இருக்கும். டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “இங்க பாருங்க. இது மேல் துண்டோட முனை, இது கீழ் துண்டோட முனை. வழுவழுன்னு உருண்டு போயிருக்கு பாத்தீங்களா? உள்ள இருக்க ஓட்டைகூட மூடிட்டு. ஒவ்வொண்ணும் தன்னை ஒரு முழு எலும்புன்னு நினைச்சிட்டு. இது ஒரு நாள்ல வர்றது இல்ல. நீங்க நடக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, இந்தப் பழைய படத்துலயே ஆரம்பிச்சிருக்கு, அப்ப எனக்கும் தெரியல. நீங்க நடக்காம இருந்திருந்தாலும் இதேதான். அந்தப் பத்தொம்பதை மனசுல வச்சுக்காதீங்க. இது யுனைட் ஆகாது.” நல்ல பையன். ஆறுதலாகத்தான் சொன்னான். ராக்கியண்ணனுக்குள் ஏதோ இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. ஒன்றரை மாசமாக ராத்திரியும் பகலும் சுமந்த பாரத்தைத் தட்டிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லை. நான் கெடுக்கவில்லை. நான் எதுவுமே பண்ணவில்லை. முனகியது, கண்ணைத் திறந்தது, இறங்கி நடந்தது, அம்மிணி என்று கூப்பிட்டது, மைக்கில் சொன்னது, எதுவும் எதையும் பண்ணவில்லை. ரெண்டு முனையும் எப்போதோ, எல்லோரும் சூப்பு கொண்டுவந்துகொண்டிருந்தபோதே, தனித்தனியாகத் தங்களை மூடிக்கொண்டுவிட்டன. கெடுத்தவன் என்று ஒருத்தன் இருந்தால் அது ஒரு கதை. இதில் ஆளே இல்லை.

“வியாழக்கிழமை வச்சுக்கலாம்,” என்றார் டாக்டர், “சிஸ்டர் கையெழுத்து வாங்கிக்குவாங்க.” வெளியே மேஜையில் சிஸ்டர் ஒரு காகிதத்தைத் தள்ளினாள். இவர் தன் இடத்தில் கையெழுத்துப் போட்டார். “கூட வந்தவர் இங்க போடுங்க. அய்யா யாரு உங்களுக்கு?” என்றாள் சிஸ்டர், தலையைத் தூக்காமல். சென்னியப்பன் பேனாவைப் பிடித்தபடி நின்றார். “சம்பந்தி,” என்று சொல்ல வாயெடுத்து, சொல் வெளியே வராமல், “நானுங்களா,” என்றார். “ரத்த சொந்தம் வேணும்யா. பையன் எங்க?” “பூனாவுல.” “மருமக?” சென்னியப்பன் பேனா மூடியைத் திருகினார். “சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்குது.” “எந் தம்பிங்க சிஸ்டர்,” என்றார் ராக்கியண்ணன். சிஸ்டர் இப்போது நிமிர்ந்து ரெண்டு முகத்தையும் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள். “இனிஷியல் வேற வேறயா இருக்கே?” “எங்கப்பனுக்கு ரெண்டு பேருங்க. ஊட்டுல ஒண்ணு, ரேசன்ல ஒண்ணு. நான் ஊட்டுல பொறந்தேன், இவன் ரேசன் கார்டு வந்த பொறவு பொறந்தான்.” சிரிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. எழுதுங்க என்றாள். சென்னியப்பன் குனிந்து, உறவுமுறை என்று போட்டிருந்த கட்டத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, தம்பி என்று எழுதினார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் பாதி தூரம் வந்ததும் சக்கரம் நின்றது. சென்னியப்பன் முன்பக்கம் வரவில்லை, பின்னாலேயே நின்றார்.

“சம்பந்தி.”

“சொல்லுங்க.”

“பாப்பாவுக்கு... வர்ற ஐப்பசியிலங்க. ஓசூருலயே, கூட வேலை பாக்கற பையன். அவளாத்தான் சொன்னா. பேசி முடிச்சாச்சுங்க. காலையில இருந்து சொல்லோணும் சொல்லோணும்னு இருந்தேன். இந்த நேரத்துல போய்...”

தாழ்வாரத்தில் யாரோ ஒருத்தி டிபன் பாக்ஸைத் தவறவிட்டாள், மூடி உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டி விழுந்தது. ராக்கியண்ணன் அது முழுசாக அடங்குகிறவரைக்கும் கேட்டார். தலையணை மேல் கால் இருந்தது, இன்னும் மூணு நாளைக்கு.

“பையனுக்கு அப்பா இருக்காருங்களா?”

“இருக்காருங்க.”

“நல்ல மனுசனா?”

“நல்ல மனுசந்தானுங்க.” சென்னியப்பன் நாற்காலியின் கைப்பிடியை ஒருதரம் விட்டுவிட்டு மறுபடி பிடித்தார். “ஆனா வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. போன ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் எதுத்தாப்புல உக்காந்திருந்தோம். ஒரு வார்த்தை பேசலீங்க.”

“பழகிருமுங்க,” என்றார் ராக்கியண்ணன்.